அட்டையில் கப்பல், உள்ளே கணக்கு: சிங்கப்பூரில் சுற்றுலா மேலாண்மைப் பட்டம் வாங்கத்தக்கதா?

கல்விக் கண்காட்சியில் கையில் திணிக்கப்படும் கையேட்டின் அட்டையில் ஒரு சொகுசுக் கப்பல் இருக்கும். இல்லாவிட்டால் மரினா பே சேண்ட்ஸின் உச்சியிலுள்ள நீச்சல் குளம். உள்ளே பாடப்பட்டியலைப் புரட்டினால் முதல் ஆண்டு முழுக்கக் கணக்கியல், பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், சந்தைப்படுத்தல். சுற்றுலாவைத் தேடிப் பிடிக்க வேண்டும். "இதற்கா சேர்ந்தோம்" என்று முதல் பருவத்திலேயே புலம்புகிறவர்கள் உண்டு. புலம்ப வேண்டிய இடங்கள் இந்தப் படிப்பில் நிறையவே இருக்கின்றன, ஆனால் இது அதில் ஒன்றல்ல. கொடுத்த காசுக்குப் பெறுமானம் இருப்பது அந்தக் கணக்குப் பக்கத்தில்தான்.

முதலில் கடைவீதியைச் சுற்றிப் பார்த்துவிடலாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங், சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகம் (எஸ்எம்யூ) மூன்றிலும் சுற்றுலா மேலாண்மைக்கென்று தனி இளநிலைப் பட்டம் கிடையாது. அரசாங்க மானியத்தோடு இதற்கு மிக அருகில் வருவது சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் விருந்தோம்பல் வணிகப் பட்டம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் விருந்தோம்பல் அல்லது சுற்றுலா டிப்ளமா முடித்தவர்கள் பெரும்பாலும் முதலில் தட்டும் கதவு அதுதான். மற்றதெல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்கள். சிம்ஸ் டிரைவில் வளாகம் வைத்திருக்கும் ஜேம்ஸ் குக், கப்லான் என்ற தனியார் நிலையம் வழியாக வரும் பெர்த் நகரின் மர்டோக், எம்டிஐஎஸ் என்ற இன்னொரு தனியார் நிலையம் வழியாக வரும் சண்டர்லாந்து ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். எந்த நிலையம் எந்த ஆண்டில் எந்தச் சிறப்புப் பாடத்தை நடத்துகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். சேரப்போகும் பருவத்தின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சென்ற ஆண்டுக் கையேட்டில் இருந்த "நிகழ்ச்சி மேலாண்மை" இந்த ஆண்டு காணாமல் போயிருக்கலாம்.

தனியார் நிலையங்களின் பெரிய கவர்ச்சி வேகம். ஜேம்ஸ் குக்கை எடுத்துக்கொண்டால், பட்டத்துக்கு 24 பாடம், பாடத்துக்கு 3 அலகு (கிரெடிட்), மொத்தம் 72 அலகு. ஆண்டுக்கு மூன்று பருவம், பருவத்துக்கு 4 பாடம் என்று போனால் 6 பருவத்தில், அதாவது வழக்கமான 3 ஆண்டுக்குப் பதில் 2 ஆண்டில் முடிந்துவிடும். தேசிய சேவை முடித்து 21 வயதில் புத்தகத்தைத் தொடும் இளைஞருக்கு ஓராண்டு மிச்சமாவது சின்ன விஷயமல்ல. வெளிநாட்டிலிருந்து வருபவருக்கோ ஓராண்டு வாடகை மிச்சம். ஆனால் மூன்று பருவ ஓட்டத்தில் இடைவெளி என்று ஒன்று கிடையாது. ஒரு பருவத்தின் தேர்வு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த பருவத்தின் முதல் வாரம் வந்து நிற்கும். வேலையிடப் பயிற்சியை எங்கே செருகுவது? இந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

டிப்ளமா வைத்திருப்பவர்களுக்குச் சில பாடங்களில் விலக்கு கிடைக்கும். விலக்கு அதிகம் தரும் நிலையமே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். விலக்கு பெரும்பாலும் முதலாண்டுப் பாடங்களுக்குத்தான் கிடைக்கும், அதில் கணக்கியலும் புள்ளியியலும் அடங்கும். டிப்ளமாவில் அவற்றைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவர் விலக்கோடு நேராக வருவாய் மேலாண்மை (அறையை யாருக்கு, என்ன விலைக்கு விற்றால் அதிகம் மிஞ்சும் என்ற கணக்கு) வகுப்பில் போய் உட்கார்ந்தால், மூன்றாம் வாரத்தில் விழி பிதுங்கும். விலக்கு உரிமை, கட்டாயமல்ல. புள்ளியியலில் 'சி' வாங்கியவர் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி படிப்பது புத்திசாலித்தனம்.

வருவாய் மேலாண்மை: மொத்தப் பட்டத்துக்கும் இது கறிவேப்பிலை அல்ல, அரிசி

ஒரு பாடத்திட்டத்தை எடை போட எளிய வழி இருக்கிறது. வருவாய் மேலாண்மை தனிப் பாடமா, அல்லது "ஹோட்டல் செயல்பாடுகள்" என்ற பாடத்தில் ஒரு வாரத் தலைப்பா என்று பாருங்கள். தனிப் பாடமாக இருந்தால் அந்தப் பட்டத்தை மேற்கொண்டு விசாரிக்கலாம். ஒரு வாரத் தலைப்பு என்றால் கையேட்டை மூடிவிடலாம்.

அந்தப் பாடம் கற்றுத்தருவது இதுதான். 200 அறை உள்ள ஹோட்டலில் ஓரிரவு 160 அறை விற்று 36,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வருமானம் என்று வைத்துக்கொள்வோம். நிரம்பிய விகிதம் 80 விழுக்காடு. சராசரி அறைக் கட்டணம் 36,000 வகுத்தல் 160, அதாவது 225 வெள்ளி. விற்காத அறைகளையும் சேர்த்து 200ஆல் வகுத்தால் 180 வெள்ளி. தொழிலில் இதைத்தான் ரெவ்பார் என்கிறார்கள். முதல் தேர்விலேயே பாதிப்பேர் சராசரிக் கட்டணத்துக்கு 200ஆலும், ரெவ்பாருக்கு 160ஆலும் வகுப்பார்கள். எதை எதால் வகுக்கிறோம் என்பதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி புரியாததே காரணம். முதலாவது "விற்ற அறை என்ன விலைக்குப் போனது?" என்று கேட்கிறது. இரண்டாவது "கட்டி வைத்திருக்கும் அறை ஒவ்வொன்றும் என்ன சம்பாதித்தது?" என்று கேட்கிறது.

அடுத்த படி இன்னும் சுவையானது. அதே ஹோட்டல் விலையை 260 வெள்ளிக்கு ஏற்றுகிறது. 140 அறைதான் போகிறது. வருமானம் 36,400. ரெவ்பார் 182. வெறும் 2 வெள்ளி கூடியிருக்கிறது, இதற்கா இத்தனை பாடு என்று மாணவர் எழுதுவார். 20 அறை குறைவாகச் சுத்தம் செய்யப்பட்டதை மறந்துவிட்டார். துவைப்பு, சோப்பு, துப்புரவு ஊழியரின் நேரம் எல்லாம் சேர்த்து அறைக்கு 35 வெள்ளி என்றால் அங்கே 700 வெள்ளி மிச்சம். இன்னொரு பக்கம், அந்த 20 அறைக்காரர்கள் காலை உணவுக்கும் மதுக்கூடத்துக்கும் தந்திருக்கக்கூடிய காசு போய்விட்டது. இரண்டையும் எடைபோட்டு எழுதுகிறவருக்குத்தான் முதல் தர மதிப்பெண். வேலை நேர்காணலிலும் இதே கணக்கை வேறு சட்டை போட்டுக் கேட்பார்கள்.

குழு முன்பதிவுக் கணக்கும் அப்படித்தான். 200 அறை ஹோட்டலில் தனி வாடிக்கையாளர் 170 அறை எடுப்பார்கள், அறைக்கு 240 வெள்ளி என்று முன்கணிப்பு சொல்கிறது. இந்தியாவிலிருந்து ஒரு நிறுவனக் குழு 60 அறையை 190 வெள்ளிக்குக் கேட்கிறது. "190 என்பது 240ஐவிடக் குறைவு, ஆகவே மறுக்கலாம்" என்று எழுதினால் பூஜ்யம். 30 அறை எப்படியும் காலியாகக் கிடக்கப்போகிறது. இடம்பெயர்வது 30 தனி வாடிக்கையாளர்தான். குழு தருவது 11,400, இழப்பது 7,200, கூடுதல் 4,200. கூடுதலாக நிரம்பும் 30 அறைக்கு, அதே 35 வெள்ளி வீதம், செலவு 1,050 போனாலும் 3,150 மிஞ்சுகிறது. இதிலும் ஒரு உள்குத்து உண்டு. இடம்பெயரும் அந்த 30 பேரும் இணையப் பயணத் தளம் வழியாக வருகிறவர்கள், தளம் 18 விழுக்காடு கழிவு எடுத்துக்கொள்கிறது என்றால், ஹோட்டலின் கைக்கு வருவது 240 அல்ல, 196.80. அப்போது இழப்பு 5,904ஆகச் சுருங்கி, குழுவின் பக்கம் தராசு இன்னும் சாய்கிறது. நல்ல ஆசிரியர் இந்தக் கழிவுத் தகவலைக் கேள்வியின் கடைசி வரியில் ஒளித்து வைப்பார்.

சுற்றுப்பயண விலை நிர்ணயம் ஒரு வாரத்தில் முடியும் சின்னப் பகுதி. ஆனாலும் மதிப்பெண் அதிகம் கசிவது இங்கேதான். அரைநாள் பயணத்துக்குப் பேருந்து 400 வெள்ளி, வழிகாட்டி 180, நுழைவுச்சீட்டு தலைக்கு 28, சாப்பாடு 15, விற்பனை விலை 75 என்று கேள்வி வரும். நிலைச்செலவு 580. தலைக்கு மாறும் செலவு 43, மிஞ்சுவது 32. 580ஐ 32ஆல் வகுத்தால் 18.1 வரும், விடை 19 பேர். 18 என்று எழுதினால் தவறு, 18 பேரோடு புறப்பட்ட பேருந்து நட்டத்தில்தான் ஓடும். விற்றுத்தரும் முகவருக்கு 10 விழுக்காடு கொடுத்தால் மிச்சம் 24.50ஆகக் குறைந்து, 24 பேர் தேவைப்படுவார்கள். "15 பேருக்கு ஒருவர் இலவசம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் கணக்கை மறுபடி போட வேண்டும். அந்த இலவச ஆளும் சாப்பிடுவார், அவருக்கும் நுழைவுச்சீட்டு வேண்டும்.

கோட்பாட்டுப் பக்கம்

பட்லரின் சுற்றுலாத் தல வாழ்க்கைச் சுழற்சி (ஒரு தலம் வளர்ந்து, தேங்கி, பிறகு சரியும் அல்லது புத்துயிர் பெறும் என்ற வளைகோடு), டாக்சியின் எரிச்சல் அளவுகோல், லைப்பரின் அமைப்பு மாதிரி, பிளாகின் பயணி வகைகள், மெக்கானலின் "அரங்கேற்றப்பட்ட அசல்தன்மை" (பயணிக்காக மேடை போட்டுக் காட்டப்படும் "அசல்" வாழ்க்கை). ஐந்தும் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் வரும். பெரும்பாலானவை 1970களில் பிறந்தவை, பட்லருடையது 1980. இவற்றை ஒப்பிக்க வைக்கும் வகுப்பும் உண்டு, ஊரைக் காட்டிப் பொருத்தச் சொல்லும் வகுப்பும் உண்டு. இரண்டாவது வகைக்குச் சிங்கப்பூரைப் போன்ற ஆய்வுக்கூடம் வேறில்லை.

செந்தோசாவையே எடுங்கள். பிளாக்காங் மத்தி என்ற ராணுவத் தீவு, 1970களின் தொடக்கத்தில் பெயர் மாறி உல்லாசத் தீவானது. பழைய மோனோரயில் 2005ல் நின்றது, செந்தோசா விரைவு ரயில் 2007ல் வந்தது, ரிசார்ட்ஸ் வேர்ல்டு உல்லாசத்தளம் 2010ல் திறந்தது. நீருலகக் காட்சியகம் 2016ல் மூடியது. தீவின் பெரிய மெர்லயன் சிலை 2019ல் விடைபெற்றது. பட்லர் சொல்லும் தேக்கமும் புத்துயிர்ப்பும் தேதிவாரியாகக் கண்முன் கிடக்கின்றன. மாணவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: வளைகோட்டை அழகாக வரைந்துவிட்டு, செங்குத்து அச்சில் எதை அளக்கிறோம் என்று எழுத மாட்டார்கள். வருகையாளர் எண்ணிக்கையா, வருமானமா, உள்ளூர்க்காரரும் சேர்த்தா? இது இல்லாத வளைகோடு வெறும் கோலம்.

எண்களிலும் இதே கவனம் வேண்டும். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் கணக்குப்படி 2019ல் 19.1 மில்லியன் வருகையாளர், 27.7 பில்லியன் வெள்ளி வருமானம். 2024ல் 16.5 மில்லியன் பேர், 29.8 பில்லியன். தலைக்கு வகுத்தால் சுமார் 1,450 வெள்ளி 1,806 ஆகியிருக்கிறது. "பணக்காரப் பயணிகள் வரத் தொடங்கிவிட்டார்கள்" என்று கட்டுரையை முடித்துவிட்டால் மதிப்பெண் பாதியில் நின்றுவிடும். அறை விலை எவ்வளவு ஏறியது, எத்தனை இரவு தங்கினார்கள், எந்த நாட்டவரின் பங்கு குறைந்தது என்று பிரித்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வரலாம். இன்னொரு பொறி: இந்த வருகையாளர் எண்ணிக்கையில் தரைவழியாக வரும் மலேசியக் குடிமக்கள் சேர்க்கப்படுவதில்லை. மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வேயில் வரிசையாக நிற்கும் கார்களை நினைத்துக்கொண்டு மலேசியப் பங்கைப் பற்றி விரிவாக எழுதுபவர் இந்தக் குறிப்பைப் படித்திருக்க மாட்டார். 2040க்கு அரசு வைத்துள்ள இலக்கும் 47 முதல் 50 பில்லியன் வெள்ளி வருமானம் என்று பணத்தில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. தலையை எண்ணுவதைவிடப் பையை எண்ணுவது முக்கியமாகிவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழ் மாணவர்களுக்குக் கையருகே இருந்தும் அதிகம் பயன்படாத ஒரு களம் தைப்பூசம். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர். நகர் நடுவே நள்ளிரவு தொடங்கி மறுநாள் வரை நீளும் நடை. சாலைத் தடங்கள், காவல்துறை அனுமதி, தண்ணீர்ப் பந்தல், முதலுதவி, இசைக்கென ஒதுக்கிய இடங்கள், தொண்டூழியர் முறைமாற்றம் என்று நிகழ்ச்சி மேலாண்மைப் பாடத்தின் அத்தனை அத்தியாயங்களும் அதில் நடந்து போகின்றன. இடர் அட்டவணை போடச் சொன்னால் பெரும்பாலோர் "மழை", "கூட்ட நெரிசல்" என்று இரண்டை எழுதி நிறுத்துவார்கள். காவடிகளுக்கு இடையே இடைவெளி பெருகினால் சாலைச் சந்திப்பில் என்ன ஆகும், கோயில் வாசலில் ஒரு காவடியை இறக்க ஆகும் நேரம் பின்னால் வரும் வரிசையை எவ்வளவு தூரம் நிறுத்தும் என்று எழுதுபவர் உண்மையில் நின்று பார்த்தவர். புகைப்படக் கருவியோடு முகத்துக்கு நேரே வந்து நிற்கும் பயணிக்கும் நேர்த்திக்கடன் செலுத்துபவருக்கும் இடையிலான உறவை எழுதினால், மெக்கானலைப் பற்றிச் சொந்தமாக ஏதாவது சொன்ன மாதிரியும் இருக்கும்.

வேலையிடப் பயிற்சி: இங்கேதான் சறுக்கல்

விளம்பரத்தில் "தொழில்துறைப் பயிற்சி உண்டு" என்று ஒரு வரி. அந்த வரிக்குள் நான்கு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கலாம்: கட்டாயம், அலகு உண்டு, நிலையமே இடம் பிடித்துத் தரும்; கட்டாயம், ஆனால் இடத்தை நீங்களே தேட வேண்டும்; விருப்பப் பாடம்; அல்லது அலகே இல்லாத, "முயற்சி செய்து பாருங்கள்" வகை. எது என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொழில்நுட்பக் கழகத்தின் பட்டத்தில் வேலையோடு இணைந்த நீண்ட பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே வருகிறது. தனியார் பட்டங்களோடு ஒப்பிடும்போது அதன் மிகப் பெரிய பலம் அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

மூன்று மாதப் பயிற்சிக்கும் ஆறு மாதப் பயிற்சிக்கும் வித்தியாசம் இரு மடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. முதல் சில வாரங்கள் ஹோட்டலின் ஓபரா மென்பொருளில் அறை ஒதுக்குவது, பில் பிரிப்பது, முன்பணம் பதிவது ஆகியவற்றிலேயே போய்விடும். மூன்று மாத ஆளைப் பழக்கி முன்பதிவுப் பிரிவுக்கு அனுப்ப எந்த மேலாளருக்கும் மனம் வராது. காலை உணவு நேரத்தில் ஆள் குறையும் இடத்தில் நிறுத்திவிடுவார். ஆறு மாதம் என்றால் முன்மேசையிலிருந்து முன்பதிவுக்கும், அங்கிருந்து வருவாய்ப் பிரிவுக்கும் நகர வாய்ப்பு உண்டு. பயிற்சி ஒப்பந்தத்தில் "சுழற்சி" என்ற சொல்லும், எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை உச்சப்பருவத்தில் காற்றோடு போகும்.

மூன்று பருவ முறையில் படிப்பவர்கள் பயிற்சியோடு இரண்டு பாடத்தையும் இழுத்துக்கொண்டு போக முயல்வார்கள். இரவு 11 மணிக்குத் தொடங்கி காலை 7 மணிக்கு முடியும் பணிமுறை, 10 மணிக்கு டியூட்டோரியல். இது ஓடாது. ஒரு பருவத்தைப் பயிற்சிக்கென்றே முழுதாக ஒதுக்கி, பட்டம் 4 மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை என்று திட்டமிடுவதே சரி. சாத்தியமானால் அதை ஆண்டு இறுதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேர்ந்து வரும் அந்த வாரங்களில்தான் அதிகப்படி முன்பதிவு, அறை இல்லாமல் விருந்தினரை வேறு ஹோட்டலுக்கு அனுப்புவது, விலை மணிக்கொரு முறை மாறுவது எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பாட நாட்களில் வாரத்துக்கு 16 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம் என்ற சலுகை மனிதவள அமைச்சு அங்கீகரித்த பட்டியலில் உள்ள நிலையங்களின் முழுநேர மாணவர்களுக்கு மட்டும்தான். பெரும்பாலான தனியார் நிலையங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே படிப்பவர் விடுமுறையில்கூட வேலை பார்க்கக் கூடாது. "பார்ட் டைம் பார்த்து ஃபீஸ் கட்டிக்கொள்ளலாம்" என்று ஊரில் முகவர் சொன்னால், அமைச்சின் இணையப் பட்டியலில் அந்த நிலையத்தின் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். பாடத்தின் அங்கமான பயிற்சிக்கும் தனி நிபந்தனைகள் உண்டு. எந்த அனுமதியின் கீழ் அனுப்புவார்கள் என்று நிலையம் கடிதமாகத் தரட்டும்.

பணமும் தாளும்

தனியார் நிலையத்துக்குக் கல்வி அமைச்சின் கட்டண மானியம் கிடையாது. பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து கல்விக்கு எடுக்கும் திட்டமும் இங்கே செல்லாது. மிஞ்சுவது ரொக்கம் அல்லது வங்கிக் கடன். ஆகவே கட்டணத் தாளை மளிகைப் பட்டியல் மாதிரி வரிவரியாகப் படிக்க வேண்டும். விளம்பரத்தில் போட்ட தொகையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி அடங்கியிருக்கிறதா? விண்ணப்பக் கட்டணம், கட்டணப் பாதுகாப்புக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு தனியா? எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு பாடத்தில் தோற்றால் மறுதேர்வுக் கட்டணமா, முழுப் பாடக் கட்டணமா? புள்ளியியலில் ஒரு முறை தோற்றவருக்கு இந்த வரியின் அருமை தெரியும்.

தனியார் நிலையம் எடுடிரஸ்ட் சான்று வைத்திருக்கிறதா, எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். நான்காண்டுச் சான்று ஒரு நிலை, ஓராண்டுத் தற்காலிகச் சான்று வேறு நிலை. அந்தச் சான்று இல்லாத தனியார் நிலையம் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க முடியாது. நிலையத்தின் நிதி, நிர்வாகம், மாணவர் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிய சான்று அது. பட்டத்தின் தரத்துக்குச் சிங்கப்பூர் அரசு தரும் முத்திரை என்று எண்ணிவிடக் கூடாது. வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பதும் தள்ளுவதும் முதலாளியின் விருப்பம்.

சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தம் எல்லாத் தனியார் நிலையங்களுக்கும் பொதுவான நிலையான வடிவம். கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 7 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால் எவ்வளவு திரும்பும், அதற்குப் பிறகு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தின் அட்டவணையில் விழுக்காட்டில் இருக்கும். முதலில் அந்த அட்டவணையைப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுவது நல்லது. தவணையில் கட்டுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

வேலை வாய்ப்பைப் பற்றி நிலையங்கள் காட்டும் விழுக்காடுகளை ஒரு சிட்டிகை உப்போடு வைத்துக்கொள்ளலாம். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு வெளியிடும் தனியார் கல்விப் பட்டதாரிகளுக்கான வேலை ஆய்வு இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி ஆய்வு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, முழுநேர நிரந்தர வேலை என்ற பத்தியை மட்டும் பாருங்கள். தனியார் பக்கம் கீழேதான் இருக்கும். "வேலையில் இருப்பவர்" என்ற மொத்த எண்ணில் பகுதிநேரமும் தற்காலிகமும் கலந்திருக்கும்.

யாருக்குப் பொருந்தும்

எக்செல் கண்டால் ஓடாதவர், விருந்தினர் கோபத்தில் கத்தும்போது குரல் உயராதவர், விடுமுறை நாளில் வேலை செய்யத் தயங்காதவர் சேரலாம். இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் இல்லாவிட்டால் பொதுவான வணிகப் பட்டமே மேல். ஊர் சுற்றப் பிடிக்கும் என்பது இந்தப் பட்டத்துக்குத் தகுதியே ஆகாது. மற்றவர்கள் ஊர் சுற்றும்போது நீங்கள் மேசைக்குப் பின்னால் நிற்கப்போகிறீர்கள்.

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு. 2024ல் சீனா, இந்தோனேசியாவுக்கு அடுத்து அதிகம் பேர் வந்தது இந்தியாவிலிருந்து. சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் விமானங்களில் இறங்கும் குடும்பங்களும், பரிசுப் பயணமாக வரும் விற்பனையாளர் குழுக்களும் அதில் உண்டு. "சைவம்" என்றால் வெங்காயம் பூண்டு உண்டா இல்லையா, ஜைன உணவு என்றால் உருளைக்கிழங்குகூடக் கூடாது, இரவு விருந்தை 7 மணிக்குப் போட்டால் 9 மணிக்குத்தான் கூட்டம் சேரும் என்பதையெல்லாம் விருந்து ஒப்பந்தம் எழுதும்போதே சொல்லத் தெரிந்தவர் மாநாட்டு விற்பனைப் பிரிவில் சீக்கிரம் கவனிக்கப்படுவார். வகுப்பில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

பட்டம் வாங்கிய கையோடு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கொடி பிடித்துக் கூட்டம் சேர்த்து வழிகாட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: முடியாது. சம்பளத்துக்கு வழிகாட்டப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் தனியாக வேண்டும். அதற்கென்று உள்ள பயிற்சியை முடித்துத் தேர்வில் தேற வேண்டும். உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். பயண முகவையைத் திறப்பதற்கும் தனிச் சட்டம், தனி உரிமம்.

நிலையத்தின் திறந்த நாளுக்குப் போகிறவர்கள் இலவசப் பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல் மூன்று தாள்களைக் கேளுங்கள்: வருவாய் மேலாண்மைப் பாடத்தின் வாரவாரி அட்டவணை, சென்ற பருவத்துக் கணக்கியல் தேர்வுத்தாள், சென்ற ஆண்டு பயிற்சிக்குப் போனவர்களின் பிரிவுவாரிப் பட்டியல். பெயர்கள் வேண்டாம், பிரிவும் வாரக் கணக்கும் போதும். மூன்றாவது தாளைத் தேடி உள்ளே போகிறவர் எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறார் என்பதையும் கவனியுங்கள்.